லோடருக்குத் தைலம்

கோரியாபுரா,
11.6.2006

எழிலுக்கு,

இந்தக் கடிதத்தை நீ பிரிக்காமலே அடுப்பில் போட்டுவிடுவாய் என்று சுப்புராயன் பந்தயம் கட்டுகிறான். யார் அவன் என்று கேட்பாய். மேல்பட்டாம்பாக்கத்துக்காரன். உன் கடைக்குச் சுக்கும் திப்பிலியும் வாங்க வருவாளே லோகநாயகி, அவளுடைய புருஷன். பாறையில் துளை போட்டு வெடி வைக்கிற வேலை. ஒரே அறையில்தான் இருக்கிறோம்.

சொல்லாமல் ரயில் ஏறியது தப்புதான். அதை முதலில் எழுதிவிடுகிறேன். ஆனால் காதுகுத்து விருந்தில், பந்தி முழுக்க ஆள் உட்கார்ந்திருக்கும்போது உன் அண்ணன் இளவரசு என்ன சொன்னான்? "எம் பொக்லைன ஓட்டுற கூலிக்காரன் எனக்கே புத்தி சொல்றியா?" என்றான். எல்லோரும் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்த்தார்கள். நீ அரக்குச் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு அடுத்த இலைக்கு ரசம் ஊற்றப் போனாய். ஒரு வார்த்தை பேசவில்லை எழில். அவன் சொன்னது அன்றைக்கே ஜீரணமாகிவிட்டது. நீ சொல்லாதது இன்னும் ஆகவில்லை.

வடக்கே இந்தச் சுரங்கத்தில் மலைக்குள் ஒரு ரோடு சுற்றிச் சுற்றிக் கீழே இறங்குகிறது. அதை மெயின் ரோடு என்கிறார்கள். அதிலிருந்து பக்கவாட்டில் குகை வெட்டிக்கொண்டே போகிறோம். வெடி போட்டுப் பாறை உடைந்ததும் நான் லோடரை உள்ளே ஓட்டிப் போய்க் கல்லை அள்ளி வரவேண்டும். லோடர் நம் பொக்லைனுக்குத் தம்பி மாதிரி, குட்டையான டீசல் வண்டி. குகைக்கு ஒரு பக்கம்தான் வாசல். வண்டி கக்குகிற புகை போக இடமில்லை. வெளிக்காற்றைக் கொண்டுவர மேலே ரெக்ஸின் குழாய் ஒன்று தொங்குகிறது. குகை நீள நீளக் குழாயையும் நீட்டவேண்டும். நீட்டினால் ஒரு ஷிப்ட் வேலை கெடும் என்று மேனேஜர் நீட்டுவதில்லை. புகை கண்ணைக் கரித்தால் இன்ஜினை அணைத்துவிட்டு எல்லோரும் மெயின் ரோட்டுக்கு நடந்து வந்து, வெற்றிலை போட்டுக்கொண்டு, புகை தணிந்தபின் திரும்பிப் போவோம். அதுதான் இங்கே வழக்கம். மூக்கைச் சிந்தினால் மை வருகிறது. தலை சதா கனக்கிறது.

போன் செய்யலாம்தான். போன் இருப்பது உன் அண்ணன் வீட்டில். அந்த நம்பரை என் விரல் தொடாது.

ஸ்ரீமதி ஒன்றாங்கிளாஸ் போகிறாளா? எழுதினால் எழுது.

ராஜவேல்

*

சிதம்பரம்,
2.7.2006

மாமா,

சுப்புராயன் அண்ணன் பந்தயத்தில் தோற்றுப்போனார் என்று சொல்லுங்கள். பிரித்தேன். இரண்டு தடவை படித்தேன். அடுப்பில் போடலாமா என்று யோசித்ததும் உண்மை.

நான் பேசவில்லை என்கிறீர்கள். கையில் கொதிக்கிற ரசவாளி. சுற்றிலும் சம்பந்திமார். அந்த இடத்தில் அண்ணனை எதிர்த்துப் பேசியிருந்தால் விருந்து அடிதடியாகியிருக்கும். வீட்டுக்கு வந்தபின் பேசலாம் என்றிருந்தேன். வீட்டுக்கு வந்தால் கொடியில் உங்கள் சட்டையைக் காணோம். ஸ்ரீமதி தெருமுனை வரை ஓடிப் பார்த்துவிட்டு வந்து, "அப்பா பெட்டிய எடுத்துக்கினு போயிட்டாராம்மா, சைக்கிள் கடக்காரரு சொன்னாரு" என்றாள். என் புருஷன் ஊரைவிட்டுப் போனது எனக்கு முன்னால் சைக்கிள் கடைக்காரருக்குத் தெரிகிறது. இது உங்களுக்கு ஜீரணமாகுமா?

ராமாமிர்தம் ஐயா கடையில் வேலை தொடர்கிறது. கீழவீதியில் வெயில் காய்கிறது. ஸ்ரீமதி இரண்டாங்கிளாஸ். ஒன்று இல்லை. மகள் எந்த வகுப்பு என்பதையும் மறந்தாயிற்று.

இத்துடன் நீலகிரித் தைலம் இரண்டு பாட்டில் அனுப்புகிறேன். உங்களுக்கு இல்லை. லோகநாயகி தன் புருஷன் இருமுகிறார் என்று கடையில் வந்து கண் கலங்கினாள், அதற்காக. மார்பிலும் முதுகிலும் தேய்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். மீந்தால் நீங்களும் தேய்த்துக்கொள்ளலாம்.

எழிலரசி

*

கோரியாபுரா,
30.7.2006

எழிலுக்கு,

உனக்கு இல்லை என்று எழுதி அனுப்பிய தைலத்தை மூடியைத் திறந்து மோந்தபோது கடைவாசலில் நீ நிற்கிற மாதிரி இருந்தது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், கொஞ்ச நேரம் அப்படியே வைத்துக்கொண்டிருந்தேன்.

தைலம் பிரமாதமாக வேலை செய்கிறது. இங்கே எல்லோருக்கும் அதே பேச்சு. ஒடிசாக்காரர்கள் இரண்டுபேர் உன்னைப் பாபி, பாபி என்று கேட்கிறார்கள், அண்ணி என்று அர்த்தமாம். இன்னும் ஐந்தாறு பாட்டில் அனுப்பு. பெரிய பாட்டிலாக இருந்தால் நல்லது. மேனேஜரே வந்து தோளில் தட்டிவிட்டுப் போனார். இந்த மாதம் எங்கள் குகையில்தான் கல் ஜாஸ்தி. முன்னே மாதிரி அடிக்கொரு தரம் மெயின் ரோட்டுக்கு ஓடுவதில்லை.

இரண்டாங்கிளாஸ் என்பதை மன்னித்துவிடு. பாறைக்கு அடியில் இருந்தால் வருஷம் தெரிவதில்லை.

சைக்கிள் கடைக்காரரிடம் நான் சொல்லவில்லை. அவராகத்தான் பார்த்திருக்கிறார்.

ராஜவேல்

*

சிதம்பரம்,
25.8.2006

மாமா,

ஆறு பாட்டில் பார்சலில் வருகிறது. ராமாமிர்தம் ஐயா, "உம் புருஷன் தைலத்துல குளிக்கிறானாம்மா?" என்று கேட்கிறார். எனக்கும் அதே சந்தேகம்தான். ஒரு பாட்டில் நம் வீட்டில் ஒரு வருஷம் வரும். அங்கே எத்தனை மார்பு இருக்கிறது தேய்ப்பதற்கு? குடித்துக் கிடித்துத் தொலைக்காதீர்கள், விஷம் அது. உண்மையைச் சொல்லுங்கள், உடம்புக்கு என்ன? இருமல் உங்களுக்கா, அவருக்கா?

இன்னொன்று. லோகநாயகி தன் புருஷன் எழுதின கடிதத்தைக் கொண்டுவந்து படிக்கச் சொன்னாள். அதில் ஒரே சேதியை மூன்று தடவை எழுதியிருக்கிறார். நடுவில் ஒரு வரி பாதியில் நிற்கிறது. "எப்பவும் இப்பிடி எழுத மாட்டாருக்கா, கணக்கா எழுதுவாரு" என்கிறாள். தலை பாரமாக இருக்கிறது, சாப்பாடு இறங்கவில்லை என்றும் எழுதியிருக்கிறார். தைலம் பிரமாதம் என்று நீங்கள் எழுதுகிறீர்கள். இரண்டும் எனக்கு ஒட்டவில்லை.

ராத்திரி ஸ்ரீமதி உங்கள் தலையணையை எடுத்துக்கொண்டாள். நான் தடுக்கவில்லை.

உங்கள் மேல் கோபம் இன்னும் இருக்கிறது. பதில் உடனே போடுங்கள்.

எழிலரசி

*

கோரியாபுரா,
24.9.2006

என் எழிலுக்கு,

பயப்படாதே. குடிக்கவும் இல்லை, குளிக்கவும் இல்லை. குடிப்பது லோடர்தான்! உனக்குச் சொல்லாமல் ஆச்சரியப்படுத்தலாம் என்றிருந்தேன், இனி அடக்க முடியாது.

லோடரின் பின்னால் ஒரு தண்ணீர்த் தொட்டி உண்டு. இன்ஜின் புகை அந்தத் தண்ணீருக்குள் முங்கித்தான் வெளியே வரும். சூடும் பொறியும் தணிய அப்படி வைத்திருக்கிறார்கள். ஒருநாள் எனக்கு ஒரு யோசனை. சளிக்கு ஆவி பிடிக்கிற சட்டியில் தைலம் விடுகிறோமே, அதே மாதிரி அந்தத் தொட்டியில் உன் தைலத்தை விட்டால் என்ன? விட்டேன். அடுத்த நிமிஷம் குகை முழுக்க மருந்துக்கடை மணம்! டீசல் நாற்றம் போன இடம் தெரியவில்லை. கண் எரிச்சலும் அவ்வளவாகத் தெரியவில்லை. சுப்புராயன், "யோவ், நம்மள ஊட்டிக்கு இட்டாந்துட்டியேய்யா" என்றான். அன்றிலிருந்து யாரும் பாதியில் எழுந்து வெளியே போவதில்லை. முழு ஷிப்டும் உள்ளேயே வேலை.

மேனேஜர் இறங்கி வந்து மோந்து பார்த்தார். இனி எல்லா லோடருக்கும் இது வேண்டும், கம்பெனியே உங்கள் கடையிலிருந்து ஐந்து லிட்டர் கேன்களாக வாங்கும் என்று சொல்லிவிட்டார். அத்தோடு, பொங்கலுக்குள் என்னை ஃபோர்மேன் ஆக்குவதாக வாக்குக் கொடுத்திருக்கிறார். ஃபோர்மேனுக்கு இரண்டு அறைக் குவார்ட்டர்ஸ் உண்டு. வாசலில் ஒரு வேப்பமரம்கூட இருக்கிறது. நீயும் ஸ்ரீமதியும் வந்துவிடலாம். யார் பொக்லைனையும் ஓட்டின கூலிக்காரன் இல்லை, ஃபோர்மேன் ராஜவேல். உன் அண்ணன் வீட்டுப் போனுக்கு அன்றைக்கு நானே பண்ணுவேன்.

காற்றுக் குழாய் எங்கே நின்றதோ அங்கேயேதான் நிற்கிறது. இப்போது அதை நீட்டச் சொல்லி யாரும் கேட்பதும் இல்லை.

எல்லாம் நீ அனுப்பின தைலத்தால் வந்தது. அதனால்தான் மேலே "என்" போட்டேன்.

ராஜவேல்

*

சிதம்பரம்,
8.10.2006

மாமா,

அந்தத் தைலத்தை இன்றோடு நிறுத்துங்கள். இதைப் படித்து முடிக்கும்வரை கூடக் காத்திருக்க வேண்டாம். போய்த் தொட்டியைக் கழுவிவிட்டு வந்து மிச்சத்தைப் படியுங்கள்.

நான் பிறந்த ஊர் உங்களுக்குத் தெரியும். கடலூரில் உப்பனாற்றங்கரை, எதிரே பாக்டரிகள். எங்களுக்கு மூக்குதான் சங்கு. அழுகின முட்டை நாற்றம் வந்தால் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஆற்றுப்பக்கம் ஓடுவோம். முடி பொசுங்குகிற நாற்றம் வந்தால் தண்ணீர்க் குடத்தை மூடுவோம். நான் சின்னவளாக இருக்கும்போது ஒருநாள் சாயங்காலம் பலாப்பழ வாசனை வந்தது. எவ்வளவு இனிப்பாக இருந்தது தெரியுமா? யாரும் ஓடவில்லை. நாங்கள் பிள்ளைகள் எல்லாம் வெளியே வந்து, மூச்சை இழுத்து இழுத்து, "பலாப்பழம், பலாப்பழம்" என்று கத்திக்கொண்டு விளையாடினோம். இருட்டுவதற்குள் தெரு முழுக்க வாந்தி. என்னோடு விளையாடின பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு இன்றைக்கும் மூச்சு இழுக்கிறது. என் அம்மா விருத்தாம்பாள் அதற்கப்புறம் ஓயாமல் ஒன்று சொல்வாள். "நாத்தம் வந்தா ஓடிப் பொழச்சிக்கலாம்டி. வாசன வந்தாத்தான் பயப்படணும்."

நீங்கள் செய்திருப்பது முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலை. பூசணிக்காய் எங்கே போயிற்று? சோற்றில்தான் இருக்கிறது. நாற்றம் போனதே தவிர, புகை அப்படியே குகைக்குள் இருக்கிறது. முன்னாலாவது கண் கரித்தது, வெளியே ஓடினீர்கள். இப்போது முழு ஷிப்டும் அதையே குடித்துக்கொண்டு, ஊட்டி என்று சிரிக்கிறீர்கள். சுப்புராயன் அண்ணன் ஏன் ஒரே சேதியை மூன்று தடவை எழுதுகிறார் என்று எனக்கு இப்போது புரிகிறது. உங்களுக்குப் புரியவில்லையா?

அந்த மேனேஜர் ஏன் தோளில் தட்ட மாட்டார்? குழாய் நீட்ட ஒரு ஷிப்ட் வேலை கெடவேண்டும். தைலத்துக்கு அது வேண்டாமே.

என்னால் தூங்க முடியவில்லை. இருமலுக்கென்று என் கையால் துணி சுற்றிப் பார்சல் கட்டி அனுப்பினது இது. எனக்குக் குவார்ட்டர்ஸ் வேண்டாம். வேப்பமரமும் வேண்டாம்.

எழிலரசி

*

கோரியாபுரா,
5.11.2006

எழிலரசிக்கு,

ஆக, உன் அண்ணனுக்கு நீ தங்கைதான் என்று காட்டிவிட்டாய். நான் ஒரு படி ஏறினால் உங்கள் குடும்பத்துக்கே தாங்காது. அவன் பந்தியில் சொன்னதை நீ கடிதத்தில் சொல்கிறாய், அவ்வளவுதான் வித்தியாசம். பாக்டரி விஷம் வேறு, வண்டிப் புகை வேறு. சிதம்பரம் பஸ் ஸ்டாண்டில் தினமும் எத்தனை பஸ் புகை கக்குகிறது, அங்கே டீக்கடை வைத்திருக்கிறவன் எல்லாம் செத்தா போனான்?

சுப்புராயன் விஷயம் லோகநாயகி மூலமாக உனக்கு வந்திருக்கும், நானே சொல்லிவிடுகிறேன். போன வாரம் துளை போட்டுக்கொண்டிருந்தவன் அப்படியே பாறையில் சாய்ந்துவிட்டான். முகம் செக்கச் சிவந்திருந்தது. லோடர் வாளியிலேயே கிடத்தி மெயின் ரோட்டுக்குக் கொண்டுவந்தேன். வெளிக்காற்று பட்டதும் கண்ணைத் திறந்தான். "என்ன ஆச்சு, ஷிப்ட் முடிஞ்சிடுச்சா?" என்று கேட்டான். எல்லோரும் சிரித்தோம். காலையில் சாப்பிடாமல் வந்திருக்கிறான், பட்டினி மயக்கம் என்று மேனேஜர் சொன்னார். நானும் அப்படித்தான் நினைக்கிறேன். ஊருக்கு அனுப்புகிறோம் என்றால் போகமாட்டேன் என்கிறான். இரண்டு வாரம் மேலே லேசான வேலை.

கம்பெனி ஆர்டர் உங்கள் கடைக்கு வந்திருக்கும். பத்து கேன். உனக்குப் பிடிக்காவிட்டாலும் உன் முதலாளிக்குப் பிடிக்கும். நீ கட்டாவிட்டால் வேறு யாராவது கட்டுவார்கள். சரக்கு வருகிற அன்றைக்கு மேனேஜர் எல்லோர் முன்னாலும் என்னை ஃபோர்மேன் என்று அறிவிக்கப்போகிறார். அதையும் கெடுத்துவிடாதே.

ராஜவேல்

*

சிதம்பரம்,
10.12.2006

மாமா,

கோபமாக எழுதியதற்குப் பதிலாகக் கோபமாகவே எழுதிவிட்டீர்கள், கணக்கு சரியாகிவிட்டது. இனி இதைப்பற்றி நான் வாதாடப் போவதில்லை. நாய் வாலை நிமிர்த்த எனக்குத் தெம்பு இல்லை.

சரக்கை நானே கட்டி லாரி ஆபீசில் போட்டுவிட்டேன். பத்து கேன். ஒன்றின் மூடியில் மட்டும் மஞ்சள் துணி கட்டியிருக்கிறேன். அதை நீங்களே திறக்கவேண்டும், நீங்களே ஊற்றவேண்டும். வேறு யாரையும் தொடவிடாதீர்கள். இவ்வளவு மட்டும் எனக்காகச் செய்யுங்கள். பிடிக்காவிட்டால் மூடி வைத்துவிடுங்கள், மற்ற ஒன்பதையும் வைத்து ஃபோர்மேன் ஆகிக்கொள்ளுங்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை ஸ்ரீமதியைக் கூட்டிக்கொண்டு கிள்ளைக்குப் போயிருந்தேன். உங்கள் சிங்காரம் சித்தப்பா மரப்படகைக் கவிழ்த்துப்போட்டு எண்ணெய் பூசிக்கொண்டிருந்தார். உங்களைப் பற்றிக் கேட்டார். "அவன் தண்ணியில கெடந்த பய, மலைக்குள்ளாற என்னத்தத் தேடுறான்?" என்றார். ஸ்ரீமதி படகில் ஏறி விளையாடினாள். சோப்புப் போட்டும் என் கையில் அந்த நாற்றம் இன்னும் போகவில்லை.

லோகநாயகி தினமும் கடைக்கு வந்து உட்கார்ந்துகொள்கிறாள். ஒன்றும் வாங்குவதில்லை.

எழிலரசி

*

கோரியாபுரா,
7.1.2007

எழில்,

நீ லேசுப்பட்டவள் இல்லை.

கேன்கள் வந்த மறுநாளே ஊற்றச் சொல்லி உத்தரவு. மேனேஜர் மெயின் ரோட்டில் ஜீப்பில் இருந்தார். முதல் லோடு அள்ளியதும் அறிவிப்பு, லட்டுகூட வாங்கி வைத்திருந்தார்கள். நான் மஞ்சள் துணி கட்டிய கேனை எடுத்துக்கொண்டு லோடரை உள்ளே ஓட்டிப்போனேன். மூடியைத் திறந்தேன்.

அடிப் பாவி! சித்தப்பாவின் மீன் எண்ணெய். கிள்ளையில் பிறந்தவனுக்கு அதைச் சொல்லித்தரவேண்டுமா? படகுக்குப் பூசிப் பூசி என் சின்ன வயசு முழுக்க அந்த நாற்றத்தில்தான் போயிற்று. முதலில் ஆத்திரம் வந்தது. உன்னை நேரில் வைத்திருந்தால் என்ன செய்திருப்பேனோ தெரியாது. மூடியைத் திருகி மூடினேன். ஒரு சத்தம் போட்டால் போதும், நல்ல கேன் வந்துவிடும். பிடிக்காவிட்டால் மூடி வை என்று நீயே எழுதிவிட்டாய். வேப்பமரத்து வீடு அந்த நல்ல கேன் பக்கம்தான் இருந்தது.

அப்போது எதிரே, குகை முட்டி நிற்கிற முட்டுப்பாறையில் சுப்புராயன் நிற்கிறான். இரண்டு வார லேசான வேலை முடிந்து எப்போதோ கீழே திரும்பிவிட்டான். துளைபோடும் கம்பியை இந்தக் கைக்கும் அந்தக் கைக்கும் மாற்றி மாற்றிப் பிடித்துக்கொண்டு, எதற்காக எடுத்தோம் என்று மறந்துபோன மாதிரி என்னைப் பார்த்துச் சிரித்தான். வந்த வழியில் திரும்பிப் பார்த்தேன். காற்றுக் குழாயின் வாய் எங்கேயோ தூரத்தில், வெளவால் தொங்குகிற மாதிரி தொங்கிக்கொண்டிருந்தது. அவனை வாளியில் கிடத்திக் கொண்டுவந்ததை எழுதும்போது பட்டினி மயக்கம்தான் என்று நானும் சொன்னேனே, சொல்லும்போதே எனக்குத் தெரியும் எழில். தெரிந்துதான் உன்மேல் அவ்வளவு கோபம் வந்தது.

கேனை அப்படியே தொட்டியில் கவிழ்த்துவிட்டு இன்ஜினை முடுக்கினேன்.

அந்த நாற்றத்தை எழுத்தில் எழுத முடியாது. கருவாட்டுக் கிடங்கு தீப்பிடித்தால் எப்படி இருக்கும்? ஒடிசாக்காரன் ஒருவன் சாமி பெயரைச் சொல்லிக்கொண்டே ஓடினான். மீன் தின்கிற ஆளே ஓடுகிறான் என்றால் மற்றவர்கள் கதி? நொடியில் குகை காலி. சுப்புராயனைக் கையைப் பிடித்து நானே இழுத்துவந்தேன். மேனேஜர் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு வந்து கத்தினார். உள்ளே போங்கள் என்றார். ஒருவனும் போகவில்லை. நீங்கள் முதலில் போங்கள் சார் என்று யாரோ சொன்னார்கள். அவரும் போகவில்லை.

அப்படியே மெயின் ரோட்டில் உட்கார்ந்திருந்தோம். நல்ல காற்று. ரொம்ப நேரம் கழித்து சுப்புராயன் நெற்றியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டு, "ராஜவேலு, தல வலிக்கலடா" என்றான். "இத்தினி மாசமா வலிச்சிக்கினே இருந்துது போல. நின்னப்புறந்தான் தெரியுது." நான் என் தலையைத் தொட்டுப் பார்த்தேன். எனக்கும் வலிக்கவில்லை. அதை இந்தியில் மற்றவர்களுக்குச் சொன்னேன். ஒவ்வொருவனாக நெற்றியில் கை வைத்துப் பார்த்தான். அப்புறம் யாரும் சிரிக்கவில்லை.

தைலம் விட்டது என் யோசனை, அது நாற்றத்தை மட்டும்தான் மறைத்தது, புகையை இல்லை என்று எல்லோரிடமும் நானே சொன்னேன். குழாய் முட்டுப்பாறைப் பக்கம் வராமல் லோடரைத் தொடமாட்டேன் என்று மேனேஜரிடமும் சொன்னேன். பின்னால் எல்லோரும் எழுந்து நின்றார்கள். இரண்டு நாள் அப்படியே நின்றோம். மூன்றாம் நாள் குழாய் வந்தது. எங்கிருந்து என்கிறாய்? ஸ்டோரிலேயே கட்டுக்கட்டாகக் கிடந்திருக்கிறது.

ஃபோர்மேன் வேலை வேறொருவனுக்குப் போய்விட்டது. வேப்பமரத்து வீடும்தான். லோடர் ஓட்ட ஆள் கிடைக்காததால் என்னை அனுப்பவில்லை. தொட்டியை நானே தேய்த்துக் கழுவினேன். மறுபடி டீசல் நாற்றம் வந்தபோது எனக்கு அழுகை வந்துவிட்டது.

ஆனால் நிம்மதி இல்லை எழில். குகை தினமும் முன்னால் போகிறது, குழாய் நின்ற இடத்திலேயே நிற்கிறது. நாங்கள் மறக்கட்டும் என்று மேனேஜர் காத்துக்கொண்டிருக்கிறார். நாங்களும் மறந்துவிடுவோம். மூக்குப் பழகிவிடும், தலைவலி பழகிவிடும். காற்று வருகிறதா இல்லையா என்று ஒவ்வொரு தடவையும் குழாய்ப் பக்கம் கையை நீட்டிப் பார்க்கிறேன். லோடர் சூட்டில் அதுவும் சரியாகத் தெரிவதில்லை. படுத்தால் அதே நினைப்பு.

உன்னைத் தங்கை என்று எழுதினதை அடித்துவிடு.

ராஜவேல்

*

சிதம்பரம்,
28.1.2007

மாமா,

உங்கள் கடிதத்தை லோகநாயகிக்குப் படித்துக்காட்டினேன். தலை வலிக்கலடா என்ற இடம் வந்ததும் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு போய்விட்டாள். தலைவலி போயிற்று, ஆனால் அந்த இருமல் இன்னும் நிற்கவில்லையாமே. அவரை வருகிற மாதம் ஊருக்கு வரவழைத்து அவளே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போகிறாளாம். நெஞ்சு படம் எடுக்கவேண்டும் என்று சொல்லி அனுப்பியிருக்கிறேன். உங்களுக்கும் எடுக்கவேண்டும். அதில் என்ன இருக்குமோ என்ற பயம் எனக்கு இருக்கிறது, மறைக்கவில்லை.

மற்ற ஒன்பது கேனும் திரும்பி வந்துவிட்டது. ராமாமிர்தம் ஐயாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "எங்கடைப் பேர்ல மீன் எண்ணெயா அனுப்புன?" என்று கத்தினார், மூன்று நாள் முகம் கொடுக்கவில்லை. நாலாம் நாள், "அவன் எப்பிடி இருக்கான்?" என்று கேட்டார். வேலை போகவில்லை.

இன்னொரு சேதி. தை வெள்ளிக்கு அண்ணன் வீட்டில் படையல். அதே சொந்தக்காரர்கள், அதே பந்தி. அண்ணன் சிரித்துக்கொண்டே, "என்னா, மாப்ள ஃபோர்மேன் ஆவறேன்னு போனாரே, ஆயிட்டாரா?" என்று கேட்டான். என் கையில் அன்றைக்கும் ரசவாளிதான் இருந்தது. அதைக் கீழே வைத்தேன். "ஆவல. கூட வேல செய்யிறவங்க சாவக்கூடாதுன்னு அத வேணாம்னு விட்டுட்டாரு. பொக்லைன் ஓட்டுனவரு உன்ன மாதிரி முதலாளி ஆவல, மனுசனா இருக்காரு" என்றேன். பந்தியில் ஒருவரும் இலையைத் தொடவில்லை. அண்ணி மட்டும் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தாள். எட்டு மாதம் தள்ளிப் பேசியிருக்கிறேன், ஏற்றுக்கொள்ளுங்கள்.

காற்று வருகிறதா தெரியவில்லை என்று எழுதியிருந்தீர்கள். சிங்காரம் சித்தப்பா படகில் கழியின் நுனியில் ஒரு கந்தல் கட்டியிருப்பாரே, எதற்கு? காற்று எந்தப் பக்கம் என்று பார்க்கத்தானே. மூக்கையும் நம்பவேண்டாம், கையையும் நம்பவேண்டாம். இத்துடன் துணிக் கீற்றுகள் அனுப்புகிறேன். காதுகுத்துக்கு உடுத்தியிருந்த அரக்குச் சேலைதான், கிழித்துவிட்டேன். மெல்லிசு, சின்னக் காற்றுக்கே ஆடும். ஒன்றை முட்டுப்பாறைப் பக்கம், எல்லோர் கண்ணிலும் படுகிற மாதிரி கட்டுங்கள். அது ஆடினால் வேலை பாருங்கள். தொங்கினால் அணைத்துவிட்டு எல்லோரும் வெளியே வாருங்கள். யாரிடமும் கேட்கவேண்டாம். கரி படிந்து கனத்தால் வேறொன்று மாற்றுங்கள். முந்தானை இன்னும் என்னிடம் முழுசாக இருக்கிறது.

கட்டவே கூடாது என்று அந்த மேனேஜர் சொன்னால் அங்கே இருக்கவேண்டாம், ரயில் ஏறிவிடுங்கள். போகும்போதுதான் சொல்லாமல் போனீர்கள். வரும்போது சொல்லாமல் வந்தாலும் நான் ஒன்றும் கேட்க மாட்டேன்.

உங்கள்
எழில்